‘வியர்ட்’ வந்த வழி

ஒருவர் விநோதமாக நடந்துகொண்டாலும், ஒரு கனவு புரியாமல் படுத்தினாலும், சாப்பாட்டில் இனம் தெரியாத வாசனை அடித்தாலும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான்: வியர்ட். ‘ரொம்ப வியர்டா இருக்கு’ என்று தமிழ்ப் பேச்சிலும் அது சகஜமாகிவிட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தச் சொல்லில் விநோதம் என்ற பொருள் துளிகூட இல்லை. அப்போது அது பெயர்ச்சொல். பொருள், விதி.

விதியாக இருந்தது அமானுஷ்யமாகி, பிறகு விசித்திரமாகி, கடைசியில் ‘கொஞ்சம் ஒரு மாதிரி’ என்று நீர்த்துப்போனதாகப் பல விளக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. படிப்படியாக இறங்கி வந்தது போன்ற சித்திரம் அது. ஆவணங்களைக் காலவரிசையில் அடுக்கினால் நடுவே பெரிய அறுபடல் தெரிகிறது. இங்கிலாந்தின் தெற்கில் இந்தச் சொல் ஏறக்குறைய வழக்கொழிந்தது. ஸ்காட்லாந்தில் பிழைத்தது. அங்கிருந்து ஒரே ஒரு தொடருக்குள் ஒட்டிக்கொண்டு லண்டன் நாடக மேடைக்கு வந்து சேர்ந்தது. பழைய பொருளை அறியாதவர்கள் காட்சியைப் பார்த்து ஒரு பொருளை ஊகித்தார்கள். இன்று புழங்குவது அந்த ஊகம்தான்.

பழைய ஆங்கில வடிவம் ‘வ்யுர்ட்’. நடுவில் உள்ள உயிரொலிக்குத் தமிழில் எழுத்து இல்லை; ‘இ’ சொல்லும்போதே உதட்டை ‘உ’வுக்குக் குவித்தால் அந்த ஒலி வரும். ‘ஆகு’, ‘நிகழ்’ என்று பொருள்படும் ‘வெயொர்தன்’ என்ற வினையோடு பிறந்த சொல் இது. ஜெர்மனில் அந்த வினை ‘வேர்டென்’ என்று இன்றும் அன்றாடம் வழங்குகிறது. இன்னும் பின்னே போனால் ‘திரும்பு, சுழல்’ என்ற பொருளுடைய இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றை எட்டலாம். லத்தீனில் ‘வெர்த்தெரே’யும் சமஸ்கிருதத்தில் ‘வ்ருத்’தும் அதே வேரின் கிளைகள். நிகழ்காலத்தைக் குறிக்கும் வர்த்தமானம், வட்டத்தைக் குறிக்கும் விருத்தம், சக்கரவர்த்தியில் இருக்கும் ‘வர்த்தி’ ஆகியவை சமஸ்கிருதம் வழியே தமிழுக்கு வந்த உறவினர்கள். திரும்புவது, ஒரு பக்கமாகத் திரும்பி முடிவது, அப்படி முடிந்தது, அப்படித்தான் முடியவேண்டும் என்று இருந்தது: ‘வ்யுர்ட்’டின் பொருள் இந்த வழியில் உருவானது. ஸ்காண்டினேவியத் தொன்மத்தில் விதியை நிர்ணயிக்கும் மூன்று பெண்களில் ஒருத்தியின் பெயர் ‘உர்த்’. அதுவும் இதே சொல்தான்.

பழைய ஆங்கிலத்தில் இதன் புழக்கம் நாம் நினைப்பதைவிட அகலமானது. 3182 அடிகள் கொண்ட பேவுல்ஃப் காவியத்தில் பத்துத் தடவைக்கு மேல் வருகிறது. 455ஆம் அடியில் வீரன் போருக்குப் போகுமுன், ஊழ் அது போகவேண்டிய வழியிலேயே போகும் என்கிறான். எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த ஒரு அடியைத்தான். 572ஆம் அடியிலோ, சாவு குறிக்கப்படாத வீரனின் துணிவு கைகொடுத்தால் ஊழ் பலமுறை அவனைக் காப்பாற்றும் என்று அதே வீரன் சொல்கிறான். அசைக்க முடியாத விதி என்றால் துணிவுக்கு அங்கே என்ன வேலை? 1056ஆம் அடியையொட்டி, ஞானமுள்ள கடவுள் அந்த ஊழைத் தடுத்திராவிட்டால் அரக்கன் இன்னும் பலரைக் கொன்றிருப்பான் என்று வருகிறது. ஆக, கடவுளுக்குக் கீழே இருக்கும் ஊழ் அது. 3030ஆம் அடியில் பன்மையில் வருகிறது: தூதன் ‘நிகழ்ந்தவற்றிலும் சொற்களிலும்’ பெரிதாகப் பொய் சொல்லவில்லை என்கிறான் கவிஞன். இந்த இடத்தில் விதி என்று போட்டால் வாக்கியமே நிற்காது. நடந்த சம்பவம் என்பதற்கு மேல் அங்கே எதுவும் இல்லை.

ஒரே நூலில் இத்தனை சாயல்கள். அதனால் தமிழில் ‘ஊழ்’ என்று பெயர்ப்பதும் அரைகுறையாகத்தான் பொருந்தும். ஊழ் என்றவுடன் நமக்கு முன்வினை ஒட்டிக்கொள்கிறது. வ்யுர்ட்டில் முற்பிறப்பும் இல்லை, வினைப்பயனும் இல்லை.

உரோமத் தத்துவஞானி போயதியுஸின் நூலுக்கு ஆல்ஃபிரெட் அரசர் பெயரில் வழங்கும் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இதைத் திட்டமாக வரையறுக்கிறது. ஒரு காரியம் நிறைவேறுமுன் கடவுளின் மனத்தில் இருக்கும்வரை அது அவருடைய முன்னறிவு. நிறைவேறிய பிறகு அதை வ்யுர்ட் என்கிறோம் என்பது அந்த விளக்கம். புறச்சமயச் சொல் ஒன்றுக்குக் கிறிஸ்தவ இறையியலில் இடம் ஒதுக்கிக் கொடுத்த வேலை. லத்தீன் சொற்களுக்குப் பொருள் எழுதிய 8, 9ஆம் நூற்றாண்டுப் பட்டியல்கள் வேறொரு திசையைக் காட்டுகின்றன. உரோமரின் விதித் தேவதைகள் மூவரை லத்தீனில் ‘பார்கே’ என்பார்கள். அந்தச் சொல்லுக்கு நேராகப் பட்டியலில் வ்யுர்ட்டின் பன்மை எழுதப்பட்டிருக்கிறது. மூன்று பெண்களோடு இந்தச் சொல் முதன்முதலில் சேர்வது இங்கேதான், ஒரு மொழிபெயர்ப்புப் பட்டியலில். பின்னால் நடப்பதற்கெல்லாம் வித்து இது.

1066இல் நார்மானியர் வந்தபின் பிரெஞ்சும் லத்தீனும் ஆங்கிலத்துக்குள் சொற்களைக் கொண்டுவந்து குவித்தன. விதியைச் சொல்ல ஃபேட், டெஸ்டினி, ஃபார்ச்சூன் மூன்றும் கிடைத்தன. 1380களில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய டிராய்லஸ் கதையில் பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஓரிடத்தில் ஃபார்ச்சூன் என்பவளை ‘வியர்டுகளை நிறைவேற்றுபவள்’ என்று அழைக்கிறார். ஐந்தாம் காண்டத்தின் முதல் அடியிலோ ‘ஃபேட்டல்’, ‘டெஸ்டினி’ என்ற இரண்டு புதுச் சொற்களும் சேர்ந்தே வருகின்றன. கற்புக்கரசிகளைப் பற்றிய அவருடைய மற்றொரு நூலில் இதைவிடத் தெளிவான தடயம் இருக்கிறது: ‘நாம் டெஸ்டினி என்று சொல்கிற வியர்டுகள்’ என்று எழுதுகிறார். ஒரு சொல்லுக்கு அருகில் உரை எழுத வேண்டி வந்துவிட்டது என்றால் லண்டனில் அதன் கதை முடியப்போகிறது என்று பொருள்.

புதுச் சொற்களின் போட்டி மட்டும் காரணமாக இருக்க முடியாது. வெயொர்தன் என்ற தாய்வினையும் ஏறக்குறைய இதே காலத்தில் செத்துக்கொண்டிருந்தது. ‘ஆகு’ என்பதற்கு ‘பிகம்’ வந்து உட்கார்ந்தது. 1611இன் ஆங்கில விவிலியத்தில் எசேக்கியேல் 30:2இல் ‘அந்த நாளுக்கு ஐயோ’ என்ற தொடரில் ‘வர்த்’ என்ற வடிவத்தில் அந்த வினை உறைந்து கிடக்கிறது. மதிப்பு என்று பொருள்படும் ‘வர்த்’ வேறு. இதைப் படிக்கும் ஆங்கிலேயரே இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். வினை இருந்தால் பெயர்ச்சொல்லின் பொருளைப் பேசுபவர் தாமே ஊகிப்பார். வினை போனபின் வியர்ட் தெற்கில் அநாதையானது.

வடக்கில் நிலைமை வேறு. ஸ்காட்ஸ் மொழியில் வியர்ட் விதி என்ற பொருளிலேயே உயிரோடு இருந்தது. ஒருவர் தம் விதியை அனுபவித்துத் தீர்ப்பதை ‘வியர்டை ட்ரீ செய்வது’ என்பார்கள். ட்ரீ என்றால் பொறுத்துக் கழிப்பது. நாட்டுப்பாடல்களிலும் இது உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வால்ட்டர் ஸ்காட்டின் நாவல்கள் இந்தத் தொடரை ஆங்கில வாசகர்களிடமும் பரப்பின. ஊதாரியையும் உருப்படாதவரையும் குறிக்கும் ‘வியர்ட்லெஸ்’ என்ற ஸ்காட்ஸ் சொல்லும் விதியைப் பற்றியதுதான். நல்விதி இல்லாதவர் என்று பொருள். இன்றைய எழுத்துக்கூட்டு ஆங்கில எழுத்து ‘ஐ’க்கு முன் ‘இ’ வைத்து எல்லாப் பள்ளிக்கூடத்திலும் மாணவர்களைத் தடுமாற வைக்கிறதே, அதுவும் வடக்கின் கொடை. தெற்கிலேயே தொடர்ந்து வாழ்ந்திருந்தால் இந்தச் சொல் பறவையைக் குறிக்கும் ‘பர்ட்’டுக்கு எதுகையாக ஒலித்திருக்கும்.

மக்பெத் என்ற ஸ்காட்லாந்து அரசனின் கதைதான் சொல்லைத் தெற்குக்கு ஏற்றிவந்தது. 1420 வாக்கில் ஆண்ட்ரூ ஆஃப் விண்ட்டன் ஸ்காட்ஸ் மொழியில் எழுதிய செய்யுள் வரலாற்றில், மக்பெத் கனவில் மூன்று பெண்களைக் காண்கிறான். அவர்களை ‘வியர்ட் சிஸ்டர்ஸ்’ என்று எண்ணுகிறான். 1527இல் ஹெக்டர் போயிஸ் லத்தீனில் எழுதிய வரலாற்றில் அதே பெண்கள் மீண்டும் ‘பார்கே’ ஆகிறார்கள். பெல்லண்டன் அதை ஸ்காட்ஸுக்கு மாற்றும்போது மறுபடி ‘வியர்ட் சிஸ்டர்ஸ்’. 1577இல் ஹாலின்ஷெட் தொகுத்த வரலாற்றுக் கோவையில் இந்தப் பெயர் ஆங்கிலத்துக்குள் நுழைகிறது. நுழையும்போதே விளக்கமும் கூட வருகிறது: இவர்கள் விதியின் தேவதைகள், அல்லது ஏதோ வனதேவதைகள் என்று. லண்டன் வாசகருக்கு அந்தச் சொல் தெரியாது என்று ஹாலின்ஷெட்டுக்கே தெரிந்திருக்கிறது.

ஷேக்ஸ்பியர் படித்தது இந்தக் கோவையின் 1587 பதிப்பை. மக்பெத் நாடகம் 1606 அளவில் எழுதப்பட்டது. அவர் வாழ்ந்த காலத்தில் அது அச்சேறவில்லை. இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து 1623இல் வந்த அவர் நாடகங்களின் முதல் ஃபோலியோ தொகுப்புதான் நமக்கிருக்கும் ஒரே மூலம். அந்தத் தொகுப்பில் ‘வியர்ட்’ என்ற எழுத்துக்கூட்டு ஓரிடத்திலும் கிடையாது! ஆறு இடங்களில் மூன்றில் ‘வேய்வர்ட்’ என்றும் மூன்றில் ‘வேயர்ட்’ என்றும் அச்சாகியிருக்கிறது. நாடகத்தின் முற்பகுதியில் முதல் வடிவம், பிற்பகுதியில் இரண்டாவது. அச்சுக் கோத்தவர்களுக்குச் சொல் பிடிபடவில்லை, சொன்னபடி கேளாத அடங்காப்பிடாரி என்று பொருள்படும் ‘வேவர்ட்’ என்ற பழகிய சொல்லின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்பது ஒரு தரப்பு. இரண்டு சொல்லும் ஒலிக்கும்படி வைத்த சிலேடை என்பது இன்னொரு தரப்பு. நாடகத்தில் அந்தப் பெண்கள் மூவரும் கைகோத்துச் சுற்றிவரும் பாட்டில் சந்தம் சீராக ஓடவேண்டுமானால் இந்தச் சொல் இரண்டு அசையாக ஒலிக்கவேண்டும் என்பதையும் பதிப்பாசிரியர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். அதனால்தான் சில பதிப்புகளில் நடு எழுத்தின் மேல் இரட்டைப் புள்ளி இருக்கும். எனக்கு அச்சுக் கோப்பவர்களின் தடுமாற்றம் என்ற விளக்கமே போதுமானதாகப் படுகிறது. சிலேடையை மனத்தில் வைத்து எழுதியவர் பாதி இடங்களில் அதைக் கைவிட்டிருக்க மாட்டார்.

மேடையில் பார்த்தவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள்? 1611 ஏப்ரலில் குளோப் அரங்கில் நாடகம் பார்த்த சோதிடர் சைமன் ஃபோர்மன் தம் குறிப்பேட்டில் ‘மூன்று பெண்கள், தேவதைகள் அல்லது வனதேவதைகள்’ என்று எழுதிவைத்தார். சூனியக்காரிகள் என்று எழுதவில்லை. 1664இல் நாடகாசிரியர் டேவனன்ட் இந்த நாடகத்தைப் பாட்டும் ஆட்டமும் பறக்கும் காட்சிகளுமாக மாற்றி அமைத்தபின் அந்தப் பெண்களின் உருவம் மாறியது. தாடியும் கொப்பரையும் கொண்ட அகோரக் கிழவிகளாக அவர்கள் மக்கள் மனத்தில் நிலைத்தார்கள்.

பொருள் மாறிய இடத்தைத் தமிழ் இலக்கணத்தைக் கொண்டு எளிதாகக் காட்டலாம். வியர்ட் சிஸ்டர்ஸ் என்பது இரண்டு பெயர்ச்சொற்கள் சேர்ந்த தொடர்: விதியை ஆளும் சகோதரிகள். நம் கணக்கில் இது வேற்றுமைத்தொகை. முதற்சொல்லின் பொருள் தெரியாதவர் இதை எப்படிப் பிரிப்பார்? ‘கருங்குதிரை’ மாதிரி, முன்னால் நிற்பது பண்பு என்று எடுத்துக்கொள்வார். பண்புத்தொகையாகப் படித்தவுடன் அடுத்த கேள்வி, அது என்ன பண்பு என்பது. மேடையைப் பார்த்தால் விடை கிடைத்துவிடுகிறது: இடி, மூடுபனி, தாடி முளைத்த பெண்கள், திடீரென்று காற்றில் கரைவது. இனம்புரியாத, இவ்வுலகைச் சேராத, மயிர்க்கூச்செறியும் என்று பொருள் தானாக நிரம்பியது. சொல் மாறவில்லை, தொடர் மாறவில்லை. பிரித்துப் படித்த விதம் மட்டும் மாறியது. இந்தச் சொல்லின் வரலாற்றில் பெரிய திருப்பம் இது ஒன்றுதான். மீதி எல்லாம் சில்லறை.

1733இல் லூயிஸ் தியோபால்ட் தம் ஷேக்ஸ்பியர் பதிப்பில் ஃபோலியோவின் வடிவங்களை நீக்கிவிட்டு ‘வியர்ட்’ என்று திருத்தினார். திருத்தம் சரியானதே. ஆனால் விளைவு வேடிக்கையானது. சரியான பழைய சொல்லை அவர் மீட்டுக் கொடுத்தார். வாசகர்களோ அதற்குள் புதுப்பொருளை ஊற்றிக்கொண்டார்கள். அதன்பின் வந்த பதிப்புகள் பெரும்பாலும் அவரைப் பின்பற்றின. எழுத்துக்கூட்டு நிலைபெற்றது, சொல் எல்லோர் கண்ணிலும் பட்டது.

ஏறக்குறைய எண்பது ஆண்டுகளில் சொல் சகோதரிகளை விட்டுக் கழன்றது. 1816இல் வெளியான ஷெல்லியின் நெடுங்கவிதை ஒன்றில் இரவு தன் நிசப்தத்திலிருந்தே ஒரு ‘வியர்ட்’ ஓசையை எழுப்புகிறது. விதி அங்கே எங்கும் இல்லை. 1820இல் கீட்ஸ் மந்திரப் பாகுகளுக்கு இதே அடைமொழியைப் போட்டார். டென்னிசன் 1851இல் தம் கவிதைக் கதையின் நாயகனுக்கு ‘வியர்ட்’ வலிப்புகளைச் சேர்த்தார். புனைவியல் கவிஞர்களுக்கு இருளையும் புதிரையும் சொல்ல நல்ல சொல் கிடைத்துவிட்டது, அளவில்லாமல் இறைத்தார்கள். அச்சத்தைச் சொல்லும் அடைமொழிகளை நிறையப் பயன்படுத்தினால் அவற்றின் கூர் மழுங்கும். ஆங்கிலத்தில் ‘ஆஃபுல்’, ‘டெரிபிள்’ இரண்டுக்கும் நேர்ந்தது இதுவே. 1923 மார்ச்சில் ‘வியர்ட் டேல்ஸ்’ என்ற அமெரிக்க இதழ் தொடங்கியபோது அந்தப் பெயரில் திகில் இன்னும் மிச்சமிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ‘வியர்டோ’ வந்தபோது மிஞ்சியது ஏளனம். 2010இல் ஹென்ரிக், ஹைனே, நோரன்சயான் என்ற மூன்று ஆய்வாளர்கள், உளவியல் சோதனைகளில் கலந்துகொள்பவர்கள் பெரும்பாலும் மேற்கத்திய, படித்த, தொழில்மயமான, வசதியான, ஜனநாயக நாட்டவர்கள் என்று சுட்டிக்காட்டி, அந்த ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘வியர்ட்’ என்று பெயர் வைத்தார்கள். உலகத்தின் சராசரிக்கு ஒத்துவராதவர்கள் என்ற குத்தல் அதில் இருக்கிறது.

இந்தப் பாதையைத் தாமே சரிபார்க்க நினைப்பவர்கள் மூன்று அகராதிகளைத் தனித்தனியே திறக்கவேண்டும். பழைய ஆங்கிலத்துக்கு டொரொண்டோவின் புதிய அகராதி இன்னும் இந்த எழுத்தை எட்டவில்லை. 1898இல் வந்த பாஸ்வொர்த்–டாலர் அகராதிதான் கதி. 1100 முதல் 1500 வரைக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி, வடக்குக்கு ஸ்காட்ஸ் மொழி அகராதிகள். மூன்றும் இணையத்தில் இலவசம். தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டை மட்டும் போட்டால் பாதி கைநழுவும். வெர்ட், விர்ட், வ்யர்ட், வீர்ட், வேயர்ட் என்று ஒலிக்கக்கூடிய எல்லா வடிவங்களையும் போட்டுப் பார்க்கவேண்டும். ‘வேர்ல்ட்’, ‘வேர்ட்’ ஆகியவற்றின் எழுத்துப்பிழைகளும் கூடவே வலையில் சிக்கும். அவற்றைக் கையால்தான் களையவேண்டும்.

ஆண்டுக் கணக்கில் இரண்டு பொறிகள். அகராதி தரும் முதல் ஆண்டு, நமக்குக் கிடைத்த முதல் எழுத்துச் சான்றின் ஆண்டு. சொல் பிறந்த ஆண்டாக அதை எடுத்துக்கொள்ளக்கூடாது. பேவுல்ஃபின் ஒரே கையெழுத்துப்படி கி.பி. 1000 அளவில் எழுதப்பட்டது, காவியம் அதைவிடப் பழையதாக இருக்கலாம். எந்த ஆண்டை எடுக்கிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது பொறி, ஷேக்ஸ்பியர் ‘வியர்ட்’ என்று எழுதினார் என்பதற்கு இன்றைய பதிப்பையே சான்றாகக் காட்டுவது. அங்கே இருப்பது தியோபால்டின் கை. ஃபோலியோவின் நிழற்படிகள் இணையத்தில் கிடைக்கின்றன, பார்த்துவிடலாம்.

ஆங்கிலோ-சாக்சன்கள் ‘வ்யுர்ட்’ என்ற பெண் தெய்வத்தை வழிபட்டார்கள் என்று எழுதும் பக்கங்களும் ஏராளம். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுபவை இரண்டு: லத்தீன் பட்டியல்களில் பார்கேவுக்கு எழுதிய பொருள், அச்சுப் பதிப்புகளில் பெரிய எழுத்தில் தொடங்கும் வ்யுர்ட். முதலாவது, உரோமத் தேவதைகளுக்கு ஒரு துறவி தேடிக் கண்டுபிடித்த நிகர்ச்சொல். வழிபாட்டைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் கிறிஸ்தவத்துக்கு முந்திய சமயத்தைக் கவிதைகளில் தேடித் தேடி எப்படி வலிந்து கண்டார்கள் என்பதை ஆய்வாளர் எரிக் ஸ்டான்லி 1960களில் விரிவாக எழுதினார். பெரிய எழுத்தைப் பொறுத்தவரை, இன்றைய ஆங்கிலத்தைப் போலச் சிறப்புப்பெயருக்குப் பெரிய எழுத்து இடும் வழக்கமே அந்தக் கையெழுத்துப்படிகளில் கிடையாது. அதைப் போட்டவர்கள் பதிப்பாசிரியர்கள்.